முதுகுவலியை ஏற்றவர்கள் மனச்சோர்வை மறுத்துவிட்டார்கள்: எந்த வழியில் மேல்முறையீடு செய்வது?

தென்னங்கீற்று எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்காக இதை எழுதுகிறேன். எழுதப்போகிறேன் என்று சொன்னபோது அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

அவர் மாணவர் விசாவில் அமெரிக்கா வந்தவர். தமிழ் உள்ளிட்ட சில மொழிகள் தெரிந்தவர்களைப் பச்சை அட்டை இல்லாமலேயே படையில் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில், 2012இல், தரைப்படையில் சேர்ந்தார். குடியுரிமையும் அதன் வழியாகவே கிடைத்தது. கிடங்குப் பிரிவில் வேலை. ஆப்கானிஸ்தானில் இருந்தபோது சுமை இறக்கும் பணியில் முதுகில் பட்ட அடி இன்றுவரை ஆறவில்லை. 2016இல் நற்சான்றுடன் விடுவிக்கப்பட்டார். முதுகுக்கு 20 விழுக்காடு, காது இரைச்சலுக்கு 10 விழுக்காடு, இரண்டும் சேர்ந்து 30 விழுக்காடு ஊனத் தொகை முன்னாள் படைவீரர் நலத்துறையிலிருந்து (விஏ) வருகிறது.

2018 வாக்கில் தூக்கம் கெட்டது. 2019இல் என் மாமனார் ஊரில் காலமானார். இவருக்கு அந்த வாரம்தான் முதுகெலும்பில் ஊசி போட்டிருந்தார்கள்; அத்தனை நீண்ட பயணத்தில் உட்கார்ந்து போகக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், தலைமகனாக இருந்தும் இவரால் போக முடியவில்லை, கொள்ளி வைத்தது இவருடைய தம்பி. 2021இல் வேலையும் போயிற்று. முதுகுவலியால் விடுப்பு அதிகமாகிவிட்டது என்பதுதான் காரணம். அதன் பிறகு வீட்டில் ஒரு நிழலைப்போல இருக்கிறார். வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, இறங்காமல் அரைமணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருப்பார்.

முதுகுப் பாதிப்பின் வழியாக வந்த மனச்சோர்வு என்று சென்ற ஆண்டு விண்ணப்பித்தோம். ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் வழியாக உளவியல் பரிசோதனை நடந்தது. முதல் நாள் இரவே சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்து, காலையில் முகம் மழித்துக்கொண்டு போனார். நான் வெளியே காத்திருந்தேன். 22 நிமிடத்தில் திரும்பிவிட்டார். என்ன கேட்டார்கள் என்றதற்கு, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள், நன்றாக இருக்கிறேன் மேடம் என்றேன் என்றார். அறிக்கையைப் பின்னர் விண்ணப்பித்து வாங்கிப் படித்தேன். நேர்த்தியான உடை, பணிவான பேச்சு, தீவிர மனச்சோர்வு நோய் உண்டு, ஆனால் தந்தையின் மரணமும் வேலை இழப்பும் அதற்குக் காரணமாக இருப்பதால் முதுகுப் பாதிப்பினால் ஏற்பட்டிருக்கும் வாய்ப்பு பாதிக்கும் குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். அந்த அடிப்படையில் கோரிக்கை மறுக்கப்பட்டது.

முடிவுக் கடிதம் வந்து 8 மாதம் ஆகிறது. அதை நான் கண்டுபிடித்ததே வண்டியின் முன்பெட்டியில், நான்காக மடித்து வைத்திருந்த நிலையில்தான். மூன்று வழிகள் இருப்பதாகக் கடிதம் சொல்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது, தவறாகத் தேர்ந்தெடுத்தால் மற்றவை அடைபட்டுவிடுமா, இதனால் ஏற்கெனவே வரும் 30 விழுக்காட்டுக்கு ஆபத்து உண்டா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பழைய பிரதிநிதி எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். படைவீரர் சங்கம் ஒன்றில் விஏ அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியாகப் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரைத் தடுத்து நிறுத்துவது அந்த அச்சம்தான். மேல்முறையீட்டுப் படிவத்தில் எந்தப் பிரச்சினையைக் குறிப்பிடுகிறீர்களோ அதுதான் ஆராயப்படும். மனச்சோர்வை மட்டும் எழுதுங்கள். முதுகையும் காதையும் அதில் சேர்க்க வேண்டாம்.

இரண்டாவது, நேரம். கடிதத்தின் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் மூன்று வழிகளில் ஏதேனும் ஒன்றில் போய்விட்டால், வெற்றி கிடைக்கும்போது தொகை முதல் விண்ணப்பத்தின் தேதியிலிருந்து கணக்கிடப்படும். ஓராண்டு கடந்துவிட்டாலும் கதவு மூடாது. ஆனால் புதிதாக விண்ணப்பிக்கும் நாள்தான் தொடக்க நாளாகும். உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அது போதும், ஆனால் தள்ளிப்போடப் போதாது.

இனி வழக்கின் உள்ளே வருவோம். மறுப்புக் கடிதத்தை எடுத்து, விண்ணப்பதாரருக்குச் சாதகமான முடிவுகள் என்ற பகுதியைத் தேடுங்கள். 2019 பிப்ரவரி 19இல் நடைமுறைக்கு வந்த மேல்முறையீட்டுச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பின் வரும் எல்லாக் கடிதங்களிலும் அந்தப் பகுதி இருக்க வேண்டும். மனச்சோர்வு நோய் உறுதி, முதுகுப் பாதிப்பு படைப்பணியோடு தொடர்புடையது என்ற இரண்டும் அதில் இருக்கும் என்று நினைக்கிறேன். அவை இனி எல்லா மட்டத்திலும் அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும். தெளிவான, மறுக்க முடியாத பிழை என்று காட்டினாலொழிய யாரும் அவற்றைத் திருப்பிப் போட முடியாது. ஆகவே அவருக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்ற வழக்கு முடிந்துவிட்டது. மீதமிருப்பது ஒரே ஒரு இணைப்பு வாக்கியம்தான்.

அந்த வாக்கியத்தில் இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன. முதலாவது, ஒரு பாதிப்பின் வழியாக இன்னொன்று வந்தது என்ற செகண்டரி கோரிக்கையில் மருத்துவர் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்: முதுகு மனச்சோர்வை உண்டாக்கியதா, உண்டாக்காவிட்டாலும் அதை மோசமாக்கியதா. கூட்டரசு விதித்தொகுப்பு 38இன் 3.310ஆம் விதி இரண்டையும் தனித்தனியே சொல்கிறது. ஒன்றினால் ஏற்பட்டதல்ல என்று எழுதிவிட்டால் மோசமாக்கவும் இல்லை என்று பொருளாகாது. நீங்கள் மேற்கோள் காட்டிய பகுதியில் இரண்டாவது கேள்வியே இல்லை. அறிக்கை முழுவதிலும் அது இல்லையென்றால், அந்தப் பரிசோதனை போதுமானதல்ல. அதை வைத்து முடிவெடுத்தது, விண்ணப்பதாரர் சான்று திரட்ட விஏ உதவ வேண்டும் என்ற கடமையில் நேர்ந்த பிழை.

இரண்டாவது ஓட்டையை நீங்களே போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், அதன் கனம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறதா என்று தெரியவில்லை. பரிசோதகர் வேறு காரணங்கள் என்று இரண்டைச் சொல்கிறார்: தந்தையின் மரணம், வேலை இழப்பு. வேலை ஏன் போயிற்று? முதுகுவலியால். தந்தையின் மரணம் ஏன் இவ்வளவு ஆழமாகத் தைத்தது? மரணம் எல்லோருக்கும் வருவது. போய்ச் சேர முடியாமல் போனது முதுகால் வந்தது. அவர் வேறு காரணம் என்று காட்டிய இரண்டு பாதைகளும் சுற்றிவந்து முதுகில்தான் சேர்கின்றன. 2023இல் ஸ்பைசர் வழக்கில் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், பாதிப்பு ஒன்றே ஒன்றுதான் காரணமாக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை, அது இல்லாதிருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்றால் போதும், பல காரணங்கள் சேர்ந்திருந்தாலும் அந்த அளவுகோல் பொருந்தும் என்று கூறியது. உங்கள் வழக்குக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற தீர்ப்பு அது.

மூன்று வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதிய, பொருத்தமான சான்று இருந்தால் சப்ளிமென்டல் கிளெய்ம், படிவம் 20-0995. புதிய சான்று எதுவும் இல்லாமல், இருக்கும் கோப்பையே மூத்த அதிகாரி ஒருவர் முதலிலிருந்து பார்ப்பது ஹையர் லெவல் ரிவியூ, படிவம் 20-0996. அதில் ஒருமுறை தொலைபேசியில் பேசிப் பிழையைச் சுட்டிக்காட்டக் கேட்கலாம், கட்டாயம் கேளுங்கள். மூன்றாவது, வாஷிங்டனில் உள்ள மேல்முறையீட்டு வாரியத்தின் நீதிபதியிடம் போவது, படிவம் 10182. முதல் இரண்டுக்கும் விஏ வைத்திருக்கும் இலக்கு சராசரியாக 125 நாள். வாரியத்தில் விசாரணை கேட்டால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும். ஒரு வழியில் தோற்றால் ஓராண்டுக்குள் இன்னொன்றில் போகலாம், தேதி காப்பாற்றப்படும்; ஆனால் ஒரு ஹையர் லெவல் ரிவியூவின் முடிவையோ வாரியத்தின் முடிவையோ எதிர்த்து உடனே ஹையர் லெவல் ரிவியூ கேட்க முடியாது.

என் கருத்து, பிழை இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ஹையர் லெவல் ரிவியூவில் தொடங்கலாம். மோசமாக்கல் பற்றிய விடை இல்லை என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டால், மறுபரிசோதனைக்குத் திருப்பி அனுப்ப நல்ல வாய்ப்பு உண்டு.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அங்கீகாரம் பெற்ற சங்கப் பிரதிநிதிகள் கட்டணம் வாங்குவதில்லை. அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞர் இந்தக் கட்டத்தில் கட்டணம் வாங்கலாம்; நிலுவைத் தொகையில் 20 விழுக்காடு வரை நியாயமானதாகக் கருதப்படும். மாத உயர்வைப்போல ஐந்து மடங்கு, ஆறு மடங்கு கொடுங்கள் என்று ஒப்பந்தம் நீட்டுகிறவர் யாராயினும், விஏ இணையதளத்தில் அவர் பெயர் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.


ஆறாம்விரல் எழுதியது:

பெரியவர் சொன்னதில் பெரும்பாலானவற்றோடு உடன்படுகிறேன், கடைசி ஆலோசனையோடு மட்டும் இல்லை. ஹையர் லெவல் ரிவியூவில் பிழை என்று ஒப்புக்கொண்டு திருப்பி அனுப்பினால் நடக்கப்போவது என்ன? இன்னொரு பரிசோதனை. அதற்கும் இதே மனிதர் சட்டையைத் தேய்த்து மாட்டிக்கொண்டு போய், நன்றாக இருக்கிறேன் மேடம் என்பார். இந்த முறை பரிசோதகர் மோசமாக்கவும் இல்லை என்று ஒரு வரி சேர்த்துவிடுவார், அதோடு பிழையும் அடைபட்டுவிடும்.

கோப்பில் இல்லாத செய்திகள்தான் இந்த வழக்கின் உயிர். ஊசி போட்ட வாரம், கொள்ளி வைத்த தம்பி, வண்டியிலேயே கழியும் அரைமணி நேரம், இவற்றில் ஒன்றாவது கோப்பில் இருக்கிறதா? இல்லையென்றால் மூத்த அதிகாரி எத்தனை முறை புரட்டினாலும் கண்ணில் படாது. அந்த வழியில் புதிதாக எதையும் சேர்க்கவும் முடியாது. மனைவியின் கையெழுத்திட்ட வாக்குமூலமே புதிய சான்றுதான். அதை வைத்துச் சப்ளிமென்டல் கிளெய்ம் போட்டால் உதவும் கடமை மீண்டும் உயிர் பெறும், புதிய பரிசோதகரின் மேசையில் இந்தத் தாள்களும் இருக்கும்.


பழைய பிரதிநிதி எழுதியது:

ஆறாம்விரல் சொல்வது சரி; நான் பிழையின் மீதே கண்ணாக இருந்துவிட்டேன். சான்றுகளை இரண்டு, மூன்று மாதத்துக்குள் திரட்ட முடிந்தால் சப்ளிமென்டல் கிளெய்ம்தான் நல்லது. திரட்ட முடியாமல் ஓராண்டு நெருங்கினால் தேதியைக் காப்பாற்றுவதற்காக ஹையர் லெவல் ரிவியூ போட்டுவிடுங்கள். சப்ளிமென்டல் கிளெய்மோடு இணைக்கும் கடிதத்தில் மோசமாக்கல் பற்றிய கேள்விக்கு விடையளிக்கப்படவில்லை என்பதையும் குறிப்பிடுங்கள். அதைச் சொல்ல எந்த வழியிலும் தடையில்லை.


நிழல்மரம் எழுதியது:

நான் மருத்துவ உளவியல் துறையில் பணிபுரிகிறேன். விஏ ஊழியர் அல்ல. சட்டத்தைப் பற்றி மேலே உள்ளவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். அறிக்கை ஏன் அப்படி வந்தது என்பதைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தமிழ் பேசும் நோயாளிகளிடம் இதை மீண்டும் மீண்டும் பார்க்கிறேன்.

நம்மில் யாரும் எனக்கு மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. உடம்பு அசதியாக இருக்கிறது, தலை பாரமாக இருக்கிறது, எதிலும் பிடிப்பு இல்லை, நெஞ்சு அடைக்கிறது என்றுதான் சொல்கிறோம். பத்திரிகைகளிலும் பேச்சிலும் மன அழுத்தம் என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறோம். அது அலுவலகப் பளுவுக்கும் ஆகும், இந்த நோய்க்கும் ஆகும். உங்கள் கணவர் ஆங்கிலத்தில் பேசும்போது அசதி என்பது களைப்பு என்று மாறியிருக்கும். களைப்பாக இருக்கிறது என்று ஒரு கிடங்குத் தொழிலாளி சொன்னால் எந்தப் பரிசோதகரும் அதைக் கடந்துதான் போவார். இதோடு படைப்பழக்கமும் சேர்கிறது. உயரதிகாரி எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பதைத் தவிர வேறு விடையே அங்கே கிடையாது. பொய் சொல்லும் எண்ணத்தில் சொன்னதல்ல, முதுகை நிமிர்த்தி நிற்பதைப்போலத் தானாக வந்துவிட்ட விடை.

விஏ அளவுகோல் நோயின் பெயரைப் பார்ப்பதில்லை, வேலையிலும் உறவுகளிலும் எவ்வளவு முடக்கம் என்பதைப் பார்க்கிறது. 0, 10, 30, 50, 70, 100 என்ற படிகள். உணவுக் கோளாறுகள் தவிர மற்ற எல்லா மனநோய்களுக்கும் ஒரே அட்டவணை. மனம் சோர்ந்திருத்தல், தூக்கக் கேடு போன்றவை 30இல் எடுத்துக்காட்டாக வருகின்றன. உந்துதல் குறைதல், வேலை உறவுகளையும் பிற உறவுகளையும் பேணுவதில் சிரமம் ஆகியவை 50இல். ஏறக்குறைய ஓயாத சோர்வு, உயிரை விடும் எண்ணம், தோற்றத்தில் அக்கறையின்மை ஆகியவை 70இல். இவை எடுத்துக்காட்டுகள்தாம், எல்லாம் இருந்தாக வேண்டிய பட்டியல் அல்ல என்று 2002இலேயே மாவர்ஹான் வழக்கில் சொல்லியாகிவிட்டது. ஆகவே உங்கள் வாக்குமூலத்தில் அவர் சோகமாக இருக்கிறார் என்று எழுதாதீர்கள். வாரத்தில் எத்தனை நாள் குளிக்காமல் இருக்கிறார், கடைசியாக நண்பர் ஒருவரின் தொலைபேசி அழைப்பை எடுத்தது எப்போது, பிள்ளைகள் இருந்தால் பள்ளிக் கூட்டத்துக்குப் போனாரா, வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது விளக்கு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று எழுதுங்கள். பரிசோதனை நாளில் சட்டையைத் தேய்த்தவர் மற்ற நாட்களில் எப்படி இருக்கிறார் என்பதையும் எழுதுங்கள். நேர்த்தியான உடை என்ற வரிக்கு விடை அதுதான்.

தலைமகன் கொள்ளி வைப்பது என்றால் என்ன என்பதை விளக்கி எழுதுங்கள். நமக்குச் சொல்லாமலே புரியும். பரிசோதகருக்கு அது ஓர் இறுதிச்சடங்குக்குப் போக முடியாமல் போனது மட்டும்தான்.

மருத்துவக் கருத்து ஒன்றை வாங்க முடிந்தால் மிக நல்லது. நீண்டநாள் வலியும் மனச்சோர்வும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்பதை மருத்துவ உலகம் நன்கறியும். இதில் புதிதாக நிறுவ வேண்டியது எதுவும் இல்லை, இவருக்கு அது எப்படி நடந்தது என்று எழுத வேண்டியதுதான். கருத்தின் வலிமை கடிதத்தலைப்பில் இல்லை, காரணம் கூறுவதில் இருக்கிறது என்று 2008இல் நியெவெஸ் ரோட்ரிகெஸ் வழக்கில் தீர்ப்பு உண்டு. கோப்பைப் படித்தேன், பரிசோதகர் சொன்ன இரு காரணங்களையும் கருதினேன், அவ்விரண்டும் முதுகுப் பாதிப்பிலிருந்து பிரிக்க முடியாதவை, ஆகவே முதுகு இதை உண்டாக்கியிருக்கும் அல்லது மோசமாக்கியிருக்கும் வாய்ப்பு குறைந்தது பாதிக்குப் பாதி என்று எழுத வேண்டும். நூறு விழுக்காடு உறுதி தேவையில்லை. சான்றுகள் இருபுறமும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் சந்தேகத்தின் பலன் படைவீரருக்கே என்று சட்டமே சொல்கிறது. மோசமாக்கலுக்கு மட்டும் ஒரு கூடுதல் தேவை உண்டு: முன்பு எந்த நிலையில் இருந்தது என்பதற்கு மருத்துவப் பதிவு வேண்டும். 2018இல் தூக்கத்துக்காகக் குடும்ப மருத்துவரிடம் போயிருந்தால் அந்தக் குறிப்பைத் தேடி எடுங்கள்.

படையிலிருந்து விடுபடும்போது நிரப்பிய மருத்துவ வரலாற்றுப் படிவத்தையும், டிடி 2807-1, பார்த்துவிடுங்கள். அடிக்கடி தூக்கமின்மை, மனச்சோர்வு அல்லது மிகையான கவலை என்று தனித்தனிக் கட்டங்கள் அதில் உண்டு. ஏதேனும் ஒன்றில் ஆம் என்று குறித்திருந்தால், முதுகைச் சாராமல் படைப்பணியிலேயே தொடங்கியது என்ற நேரடி வாதமும் கிடைக்கும்.

கடைசியாக, கேட்காமல் இருக்க முடியாத ஒன்று. அவர் உயிரை விடுவது பற்றிப் பேசியிருக்கிறாரா? நேரடியாகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 988ஐ அழைத்து 1ஐ அழுத்தினால் படைவீரர்களுக்கான நெருக்கடி உதவி எந்நேரமும் கிடைக்கும், குடும்பத்தாரும் அழைக்கலாம். உயிருக்கு நெருக்கடியான நிலையில், பெரும்பாலான முன்னாள் படைவீரர்களுக்கு, விஏவில் பதிவு செய்யாதவர்களுக்கும், எந்த மருத்துவமனையிலும் அவசரச் சிகிச்சை இலவசம் என்ற ஏற்பாடு 2023 ஜனவரி 17 முதல் நடைமுறையில் உள்ளது. மேல்முறையீடு முடியும்வரை சிகிச்சைக்குக் காத்திருக்க வேண்டாம். போர்க்களத்தில் பணிபுரிந்தவர் என்பதால், வெட் சென்டர் எனப்படும் முன்னாள் படைவீரர் ஆலோசனை மையங்களில் இலவச ஆலோசனை கிடைக்கும். அங்கே பேசுவது இரகசியமாக வைக்கப்படும். உயிருக்கு ஆபத்தான நெருக்கடியைத் தவிர, அவருடைய எழுத்து இசைவு இல்லாமல் விஏவின் மற்ற பிரிவுகளுக்குப் போகாது. கூச்சமுள்ளவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் அந்தப் பதிவுகளை மேல்முறையீட்டில் பயன்படுத்த வேண்டுமானால் நீங்கள்தான் கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.


மூத்தவன் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நானும் முன்னாள் படைவீரன், முழங்காலும் மனச்சோர்வும். முதல் மறுப்புக் கடிதம் வந்தபோது, வலிக்கு மாத்திரை கொடுத்தீர்கள், மனம் சரியில்லை என்பதற்கும் உங்களிடம் கையேந்த வேண்டுமா என்று கோபத்தில் மேசைக்குள் போட்டுவிட்டேன். மீண்டும் அதை எடுத்தபோது 14 மாதம் ஆகியிருந்தது. பிறகு சப்ளிமென்டல் கிளெய்மில் 50 விழுக்காடு கிடைத்தது, ஆனால் தொகை இரண்டாவது விண்ணப்பத்தின் நாளிலிருந்துதான் வந்தது. இடைப்பட்ட காலம் போனது போனதுதான். 2025ஆம் ஆண்டு அட்டவணைப்படி, தனி ஆளுக்கு 50 விழுக்காட்டின் மாதத்தொகை 1,102.04 டாலர், 70க்கு 1,759.19. எத்தனை மாதம் இழந்தேன் என்பதை நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் பெருக்குவதை நிறுத்திவிட்டேன்.

விஏவின் கூட்டல் வேறு என்பதையும் உங்கள் கணவரிடம் சொல்லிவிடுங்கள், பிறகு ஏமாற்றம் வேண்டாம். மனச்சோர்வுக்கு 50 கிடைத்தால் 50, 20, 10 சேர்ந்து 80 ஆகாது. 50 போக மீதமுள்ள 50இல் 20 விழுக்காடு 10, ஆக 60. மீதமுள்ள 40இல் 10 விழுக்காடு 4, ஆக 64. அருகிலுள்ள பத்துக்கு முழுமையாக்கினால் 60. மனச்சோர்வுக்கு 70 என்றால் இதே கணக்கில் 78.4, அதாவது 80. அந்த நிலையில் நிலையான வருமானம் தரும் வேலையில் இருக்கவே முடியவில்லை என்று காட்ட முடிந்தால், வேலைத்தகுதி இழப்பு என்ற பெயரில் 100 விழுக்காட்டுத் தொகையையே கேட்க இடமுண்டு. அதற்குத் தனிப் படிவம், 21-8940.

அவர் எழுதுவதற்குத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். என் மனைவி ஒரு காரியம் செய்தாள். நான் சமையலறையில் நின்று சொல்லச் சொல்ல அவள் எழுதினாள், இரண்டு வரிக்கு மேல் ஒருநாளும் கேட்டதில்லை. மூன்று வாரத்தில் ஒரு பக்கம் தேறியது.


தென்னங்கீற்று எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நிழல்மரம் அவர்கள் சொன்னபடி அவரிடம் நேரடியாகக் கேட்டேன். இப்போது இல்லை, 2021இல் இருந்தது என்றார். அந்த ஆண்டு முழுவதும் நான் பக்கத்திலேயே இருந்தேன், எனக்குத் தெரியாது. வெட் சென்டரில் நேரம் வாங்கியிருக்கிறோம், வியாழக்கிழமை முதல் சந்திப்பு.

சாதகமான முடிவுகள் பகுதியில், பெரியவர் ஊகித்தபடியே, இரண்டும் இருக்கின்றன. அறிக்கை முழுவதையும் இரண்டு முறை படித்தேன். மோசமாக்கல் பற்றிய கேள்வியின் கீழ் எதுவுமே எழுதப்படவில்லை. விடுபடும்போது நிரப்பிய படிவத்தில் மனச்சோர்வுக் கட்டத்தில் இல்லை என்றும், அடிக்கடி தூக்கமின்மை என்ற கட்டத்தில் ஆம் என்றும் குறித்திருக்கிறார். அதைக் காட்டியபோது, இல்லை என்று போட்டால்தான் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பேசிக்கொண்டார்கள், தூக்கத்தில் மட்டும் பொய் சொல்ல வரவில்லை என்றார்.

ஊசி போட்ட மருத்துவமனையின் வருகைச் சீட்டும் மாமனாரின் இறப்புச் சான்றிதழும் கிடைத்துவிட்டன. ஊசி செவ்வாய்க்கிழமை, மரணம் வெள்ளிக்கிழமை. இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்திருந்தேன். இரவு நான் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய முதலாளியிடம் விடுப்புப் பதிவைக் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறோம், அது வந்ததும் 20-0995ஐ அனுப்புவதாக முடிவு செய்திருக்கிறோம். கெடுவுக்கு ஆறு வாரம் முன்புவரை பார்ப்போம், வராவிட்டால் இருப்பதோடு அனுப்பிவிடுவோம்.

கொள்ளி வைப்பதைப் பற்றிய பத்தியை நான் எழுதித் தருகிறேன் என்றேன். வேண்டாம், அதை நானே எழுதுகிறேன் என்றார். முதல் வரியைத் தமிழில் எழுதியிருக்கிறார், ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.